நான்காவது விதி

பெரியம்மாவின் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் எங்கள் சங்கத்தின் அலுவலகம். ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி, நாலைந்து துணி மூட்டைகள். ஆள் அதிகம் வந்தால் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். பெரியம்மா செயலாளர். சந்தையில் முட்டை விற்கும் அக்கா தலைவர். நான் எந்தப் பதவியிலும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பெரியம்மாவுக்குச் சட்டைகளில் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனு எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. நான் வாய் திறப்பது குறைவு. முட்டைக்கார அக்கா என்னை "ஊமைக்கோட்டான்" என்றுதான் கூப்பிடுவார்.

சங்கத்துக்கு ஒன்பது விதிகள். அதில் எட்டு விதிகளால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. கூட்டம் எப்போது போடுவது, தலைவர் வராவிட்டால் யார் நடத்துவது என்று அவை பாட்டுக்கு இருந்தன. நான்காவது விதி மட்டும் வேறு மாதிரி. "மக்களின் குறைகளை உரிய அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்துத் தீர்வு கேட்பது." வம்பு முழுக்க அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறு உடைந்து எங்கள் பகுதியை வாரிக்கொண்டு போனது. இப்போது அரசாங்கம் வீடு இழந்தவர்களுக்கு மேட்டுப் பகுதியில் மனை கொடுக்கப் போவதாக, மாவட்ட அதிகாரி தயாரித்த பட்டியலை ஒட்டியிருந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் கரையோரத்து அறுபத்தொரு குடும்பங்கள் இல்லை. வெள்ளத்தையே பார்க்காத தெருக்காரர்கள் இருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் மாதம் முப்பதாம் தேதிக்குள் மனு கொடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு கேட்க முடியாது. நாங்கள் மனு தயாரிக்க ஆரம்பித்தோம்.

அந்த வாரம்தான் நீலச் சட்டை நிறுவனத்திலிருந்து கண்ணாடிக்காரி வந்தாள். வெள்ளக் காலத்தில் நிவாரணம் கொண்டுவந்த வெளிநாட்டு நிறுவனம் அது. எல்லோரும் நீலச் சட்டை போட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரி அவர்களுடைய கள அலுவலர். கெட்டவள் இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்து எங்களோடு தேநீர் குடிப்பாள்.

"நல்ல செய்தி கொண்டு வந்திருக்கேம்மா," என்றாள் பெரியம்மாவிடம். "இனிமே எங்க நிறுவனம் நேரடியா எதையும் செய்யாது. எல்லாம் உள்ளூர் அமைப்புகள் வழியாத்தான். முடிவெடுக்கிறது நீங்க, நடத்துறது நீங்க. நாங்க பின்னால நிப்போம். இதுக்குப் பேரு உள்ளூர்மயமாக்கல்."

"நாங்க பொறந்ததுலேருந்து இங்கதானேம்மா கெடக்கோம்," என்றார் முட்டைக்கார அக்கா. "எங்கள எதுக்குப் புதுசா உள்ளூராக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். கண்ணாடிக்காரியும் சிரித்தாள். முதல் வேலையாக, மழைக்கு முன்னால் முந்நூறு குடும்பங்களுக்குத் தார்ப்பாய். யாருக்கு முதலில், எப்படி, எல்லாம் எங்கள் தீர்மானம். பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக அவர்கள் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக் கொடுத்த ஆட்களாகத்தான் இருந்தோம். எங்கே வைக்க வேண்டும் என்றுகூட அவர்கள்தான் கை காட்டுவார்கள்.

அதற்கு ஒரு விண்ணப்பம். முப்பத்து நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமாக நான் வாசிக்க, பெரியம்மா துணி வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"'உங்கள் அமைப்பின் வாகனக் கொள்கை என்ன?'"

"முட்டைக்காரியோட சைக்கிள்னு எழுது."

"'ஆபத்து மேலாண்மைத் திட்டம்?'"

"தண்ணி ஏறினா ஓடுவோம்னு எழுது. அதைத்தானே செஞ்சோம்?"

கண்ணாடிக்காரி ஒவ்வொன்றையும் நிறுவனத்துக்குப் பிடிக்கும் மாதிரி மாற்றிச் சொன்னாள். முப்பத்து நாலு பக்கத்தையும் என் கையாலேயே எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: மாவட்ட அலுவலகத்தின் தடையில்லாக் கடிதம் இணைக்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும் அங்கே கொடுக்க வேண்டும்.

"இது எதுக்கு?" என்றார் பெரியம்மா. "இத்தனை நாள் யாரும் கேக்கலையே?"

"இத்தனை நாள் பொறுப்பு எங்க பேர்ல இருந்துச்சும்மா. இப்ப உங்க பேர்ல. அதான் அரசாங்கம் கேக்குது. வெறும் சம்பிரதாயம்தான்."

மேசையின் இன்னொரு பக்கத்தில் மனு இருந்தது. எங்கள் சங்கத்தில் மனுவுக்கு யாரும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவதில்லை. முன்பு ஒரு முறை தண்ணீர்க் குழாய்க்காக எழுதிய மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவளை மட்டும் மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அதிலிருந்து பெரிய காகிதத்தில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வட்டம் போடுவோம். உள்ளே விஷயத்தை நான் எழுதுவேன். வெளியே சுற்றிலும் எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். முதல் ஆளும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அலுவலகத்தில் முத்திரை குத்தி எண் போடும்வரை வெளியாள் கண்ணில் அதைக் காட்டக் கூடாது. எண் விழுந்துவிட்டால் அது பதிவேட்டில் ஏறிவிடும். அதற்கு முன்னால் பெயர்கள் தெரிந்தால் ஒவ்வொருவராகப் பயமுறுத்திக் கழற்றிவிடுவார்கள்.

கண்ணாடிக்காரி அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கும்மா! சூரியன் மாதிரி!" என்று கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள்.

"வெளிய காட்டிடாதம்மா," என்றார் பெரியம்மா.

"ச்சே, இது என் ஞாபகத்துக்கு."

நாங்களும் விட்டுவிட்டோம். நம் வீட்டில் தேநீர் குடித்தவளிடம் கைபேசியைக் கொடு, அழி என்று எப்படிக் கேட்பது?

தேதி பதினெட்டு ஆனது. தடையில்லாக் கடிதத்துக்காக விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மனுவோடு வைக்க வேண்டிய குடும்ப அட்டை நகல்கள் இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அன்று கண்ணாடிக்காரி பளபளவென்று ஒரு புத்தகக் கட்டோடு வந்தாள். அவர்கள் நிறுவனம் போட்ட சிறுபுத்தகம். ஏழாம் பக்கம் முழுவதும் எங்கள் வட்டம். கீழே கொட்டை எழுத்தில், "உள்ளூர்த் தலைமை: பெண்களே முடிவெடுக்கிறார்கள்." அச்சு அவ்வளவு துல்லியம். ஒவ்வொரு பெயரையும் வாசிக்க முடிந்தது.

"மேலிடத்துல ரொம்பப் பாராட்டும்மா. இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் உங்க சங்கத்தையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

பெரியம்மாவின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. "இது வேற யாருகிட்ட இருக்கு?"

"எல்லாருக்கும் அனுப்பியாச்சு. மாவட்ட அலுவலகத்துக்கும் மரியாதைக்கு ரெண்டு பிரதி."

சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தப் புத்தகத்தை வாங்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. ஆனால் அவள் கொண்டுவந்த பத்துப் புத்தகங்களை எரித்து என்ன பயன்?

மறுநாள் காலையிலேயே செங்கல் சூளையில் வேலை செய்யும் அக்கா வந்தார். கடைக்குள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "என் பேரை எடுத்துரு," என்றார் என்னிடம். "சூளை முதலாளிக்கு மாவட்ட ஆபீஸ்லேருந்து போன் வந்திருக்கு. மனைதான் இல்லைன்னு ஆச்சு. வேலையும் போச்சுன்னா எங்க போறது?" அவர் பெயரை நான் கோடு போட்டு அடித்தேன். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்மேல் இல்லை. நாலு நாளில் பதினேழு பேர் அப்படி வந்தார்கள். அறுபத்தொன்று நாற்பத்து நாலாயிற்று.

இருபத்து நாலாம் தேதி மாவட்ட அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். பெரியம்மா, முட்டைக்கார அக்கா, நான். கண்ணாடிக்காரியும் வந்திருந்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிடச் சொன்னார்.

"நல்ல சேவை செய்றீங்கம்மா. கேள்விப்பட்டேன்." மேசையிலிருந்து அந்தச் சிறுபுத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைப் பிரித்தார். வட்டத்தை வாசிக்க வேண்டுமானால் புத்தகத்தைச் சுற்ற வேண்டும். பேருந்து ஓட்டுபவர் மாதிரி அதை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றி வாசித்தார். "இதுல முதல் ஆள் யாரு?"

"வட்டத்துக்கு ஏதுங்கய்யா முதலு?" என்றார் முட்டைக்கார அக்கா.

அவர் சிரித்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து எங்கள் முப்பத்து நாலு பக்க விண்ணப்பத்தைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த எழுத்தும் இந்த எழுத்தும் ஒரே கை. சங்கத்து விண்ணப்பத்தை எழுதின ஆள்தான் மனுவையும் எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணா?"

நான் தரையைப் பார்த்தேன். மனு எழுதத் தொடங்கி இத்தனை வருடத்தில் அந்த எழுத்து யாருடையது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நிவாரணம் வாங்குவதற்காக முப்பத்து நாலு பக்கம் எழுதி, நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

"நிவாரணம் குடுக்கிற அமைப்பு நடுநிலையா இருக்கணும்," என்றார் அவர். "இது நான் சொல்றதில்ல. இவங்க நிறுவனத்தோட விதியே அதுதான்." கண்ணாடிக்காரி மறுக்கவில்லை. "ரெண்டே விஷயம். சங்க விதியில நாலாவதை எடுத்துடுங்க. அப்புறம், இந்த மனு சங்கத்துக்குத் தெரியாம இந்தப் பொண்ணு தானா எழுதினதுன்னு ஒரு கடிதம். தட்டச்சு செஞ்சு வெச்சிருக்கேன். தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டா, தடையில்லாக் கடிதம் இப்பவே. யோசிச்சு வாங்க."

வெளித் தாழ்வாரத்தில் நின்றோம். கண்ணாடிக்காரி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு வரிதானே. சின்னப் பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. முந்நூறு குடும்பம் மழையில நனையும். அந்த மத்த வேலையை நீங்க சத்தமில்லாம வேற விதமாச் செய்யலாம்."

பெரியம்மா கையை உருவிக்கொண்டார். "வெள்ளம் வந்த அன்னிக்குக் கழுத்தளவு தண்ணில புள்ளைங்களத் தூக்கிட்டு வந்தோமே, அப்ப யாருகிட்ட தடையில்லாக் கடிதம் வாங்கினோம்? நீங்க வந்து சேர்ந்ததே எட்டாம் நாளு. அதுவரைக்கும் இந்த ஊருக்கு யாரு சோறு போட்டா? அப்ப நாங்க உள்ளூர் இல்லையா? உங்களுக்கு எங்க கை வேணும், காலு வேணும், போட்டோவுக்கு மூஞ்சி வேணும். வாயை மட்டும் இந்த ஆபீஸ்ல கழட்டி வெச்சிட்டு வரணும். அதுதானே உங்க உள்ளூர்மயம்?"

"நான் மேல பேசுறேம்மா…"

"பேசு. உனக்குப் பேச அனுமதி வேண்டாம். எங்களுக்குத்தான் வேணுமாம்."

"உனக்கென்ன," என்றார் முட்டைக்கார அக்கா பெரியம்மாவிடம், குரல் தடித்து. "உன் வீடு ஓட்டு வீடு. ஒழுகுறது எனக்கு. போன மழைக்கு என் பேத்தி நின்னுக்கிட்டே தூங்கினா. நீ வீராப்புப் பேசுவ, நனையுறது நானு."



"எழுதிக் குடுத்துடலாம் பெரியம்மா," என்றேன் நான். "எழுதினது நான்தானே."

"எழுதினது நீ. சொன்னது அறுபத்தொரு பேரு. தனியாப் பிச்சுக் குடுக்க நீ என்ன பட்டனா?" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு முட்டைக்கார அக்காவைப் பார்த்து, "தலைவர் நீ. உன் கையெழுத்து இல்லாம செல்லாது. நீ போடுறேன்னா நானும் போடுறேன். உன்மேல வருத்தப்பட மாட்டேன்," என்றார்.

உள்ளே போனோம். அதிகாரி கடிதத்தை நகர்த்தி, மூடியைக் கழற்றிய பேனாவை அதன்மேல் வைத்தார். முட்டைக்கார அக்கா பேனாவை எடுத்தார். கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். அவருக்கு வாசிக்க நேரமாகும். பாதியில் என் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்தார். 

"ஐயா, தார்ப்பாய் வேணுங்கய்யா. பொய் சொல்லல, ரொம்ப வேணும்," என்றார். "ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்கினா, அதுக்குக் கீழ படுத்து எனக்குத் தூக்கம் வராது." பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

அதிகாரி கோபப்படவில்லை. மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்றே நாளில் புதிதாக ஓர் உள்ளூர் அமைப்பு முளைத்தது. தலைவர் சிமெண்டுக் கடைக்காரர். அதிகாரியின் மச்சான். நாங்கள் பதினோரு வருடமாகச் சங்கம் நடத்துகிறோம்; எங்களுக்குப் பதிவு வாங்க ஏழு மாதம் ஆனது. அவருக்குப் பதிவு, தடையில்லாக் கடிதம், முப்பத்து நாலு பக்கம், எல்லாம் மூன்று நாளில். சிமெண்டுக் கடை வாசலில் "மக்களே தலைமை" என்று துணிப் பதாகை கட்டித் தார்ப்பாய் கொடுத்தார்கள். முட்டைக்கார அக்கா வரிசையில் நின்றார். சிமெண்டுக் கடைக்காரர் சிறுபுத்தகத்தைப் பிரித்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கத்தில் பெயர் இருந்தவர்களுக்குத் தார்ப்பாய் இல்லை.

கண்ணாடிக்காரி அங்கேதான் இருந்தாள். படம் எடுக்கும்போது ஓரமாகத் தள்ளி நின்றாளாம். தள்ளி நின்றதை முட்டைக்கார அக்கா பெரிதாகச் சொன்னார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அவள் நிறுவனத்தின் அறிக்கையில் உள்ளூர் அமைப்பு ஒன்று என்று கணக்கு ஏறியிருக்கும். எந்த உள்ளூர் என்று அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று சாயங்காலமே தையல் கடைக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். நடுநிலை தவறியதாகச் சங்கத்தின்மேல் விசாரணை; அது முடியும்வரை சங்கம் கூட்டம் போடக் கூடாது, சங்கத்தின் பெயரால் எந்தக் காகிதமும் கொடுக்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் எழுதிய வட்ட மனு செல்லாக் காகிதமாயிற்று. முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

"சங்கம்தானே கூடாது? ஆளு கூடாதுன்னு போடலையே," என்றார் பெரியம்மா. "தனித்தனியா எழுது."

நாற்பத்து நாலு பேருக்கும் நாற்பத்து நாலு மனு எழுதினேன். ஒவ்வொருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். சுவர் எப்படி விழுந்தது, எந்த மணிக்கு, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள். வட்டத்துக்குள் பத்து வரியில் நான் அடக்கி எழுதியது அவர்கள் வாயால் கேட்கும்போது பத்து வரி இல்லை.

முப்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத் தபால் பிரிவின் முன் வரிசையில் நின்றோம். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். எழுத்தர் முதல் மனுவை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தள்ளினார்.

"தனித்தனியா வாங்க மாட்டோம். கரையோர மக்கள் குறையெல்லாம் இனிமே உள்ளூர் அமைப்பு வழியாத்தான் வரணும். சிமெண்டுக் கடையில குடுங்க. அவங்க தொகுத்து அனுப்புவாங்க."

"எங்க மனையை முழுங்கினவன் மச்சான்கிட்டயே போய்க் குடுக்கவா?" என்றார் முட்டைக்கார அக்கா.

"அது எனக்குத் தெரியாதும்மா. உள்ளூர்க்காரங்களுக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. உங்க நல்லதுக்குத்தான்."

பெரியம்மா வாதாடினார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். எழுத்தர் காவலரைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். மணி மூன்றரை.  இவ்வளவு பேர் பேசியும் அவர் முகத்தில் ஓர் அசைவு இல்லை. பேச்சு அவர்மேல் ஒட்டவில்லை.

நான் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அவருடைய மேசையிலேயே வைத்து எழுத ஆரம்பித்தேன். இன்ன தேதி, மணி மூன்று முப்பத்தைந்து. மேசைமேல் இருந்த பலகையைப் பார்த்து அவர் பெயரைத் தெளிவாக எழுதினேன்.

எழுத்தர் தலைகீழாக வாசித்தார். "என்னம்மா எழுதுற?"

நான் நிறுத்தவில்லை. "மேற்படி எழுத்தர், கடைசித் தேதிக்குள் நேரில் கொண்டுவந்த நாற்பத்து நாலு மனுக்களை வாங்க மறுத்தார். மறுப்பதற்கான உத்தரவு எதையும் காட்டவில்லை."

"என் பேரை எதுக்கும்மா போடுற? நான் சொன்னதச் செய்றவன்."

"சொன்னவங்க பேரைச் சொல்லுங்க, அதைப் போடுறேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கதவு மூடியிருந்தது. நான் தாளைப் பின்னால் நீட்டினேன். பெரியம்மா சாட்சி என்று கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். தாள் வரிசையில் கை மாறிப் போவதை எழுத்தர் எட்டி எட்டிப் பார்த்தார்.

"சரி, கொண்டாங்க," என்றார் எரிச்சலோடு. "வாங்கி வெக்கிறேன். நடவடிக்கைக்கு நான் பொறுப்பில்ல."

"எண் போட்டு, முத்திரையோட," என்றார் பெரியம்மா.

ஒவ்வொன்றாக முத்திரை விழுந்தது. முட்டைக்கார அக்கா ஒப்புகைச் சீட்டுகளை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்து நாலும் முடிந்தது. எழுத்தர் கம்பிக் கதவை இழுத்து மூடக் கை வைத்தார். அப்போது வாசலிலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க வந்தது. செங்கல் சூளை அக்கா. தலையெல்லாம் சிவப்புத் தூசி.

"என்னதையும் எழுதிரு," என்றார் என்னிடம். "போனாப் போகுது வேலை."

"நேரமாச்சும்மா," என்றார் எழுத்தர்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு," என்றார் முட்டைக்கார அக்கா, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி. கதவு மூட முடியாதபடி அது ஓடும் தண்டவாளத்தில் தன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எழுத்தர் முத்திரையைக் கையில் பிடித்தபடி நின்றார். செங்கல் சூளை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவசரப்படவில்லை.